மறுமொழி: டின்டட் மாய்ஸ்சரைசர் – ‘மெல்லடித்தளம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

டின்டட் மாய்ஸ்சரைசருக்கு, அதாவது லேசாக நிறம் கலந்த ஈரக் களிம்புக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் நான்தான் என்பதால், ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பனைப் பொருட்களின் உறைகளுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு இணையக் கடையின் தமிழ்ப் பக்கத்தில் “எண்ணெய்ப் பசைச் சருமத்துக்கான திரவ அறக்கட்டளை” என்று போட்டிருந்தது. முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷனை எந்திரம் அப்படிப் பெயர்த்திருக்கிறது. நன்கொடை கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்குமா என்று தங்கை கேட்டாள். சிரித்து முடித்த பிறகுதான், சரி, நாமாக இருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்தேன். ஃபவுண்டேஷனுக்கும் சரி, இப்போது நான் எழுத வேண்டிய டின்டட் மாய்ஸ்சரைசருக்கும் சரி, கையில் ஒன்றும் இல்லை.

> ஃபவுண்டேஷன் ‘அடித்தளம்’ என்றால் இது ‘மெல்லடித்தளம்’. எளிது, இனிது.

ஐயா, காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளை மாற்றிச் சொல்கிறது. தமிழில் பெரும்பாலும் ஒரு தொகைச்சொல்லின் கடைசிச் சொல்தான் அது இன்னது என்று காட்டும். மோர்மிளகாய் என்றால் மிளகாய், மோர் அல்ல. அதுபோல மெல்லடித்தளம் என்று எழுதிவிட்டால் அது அடித்தளத்தில் ஒரு வகை ஆகிவிடும். வாங்குகிறவர் ஃபவுண்டேஷன் செய்வதையெல்லாம் இதுவும் கொஞ்சம் லேசாகச் செய்யும் என்று நினைத்து வாங்குவார். அது நடக்காது. ஏன் என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தங்கை திருச்சி தில்லைநகரில் பார்லர் வைத்திருக்கிறாள். இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டதும் பேசாமல் என் கையைப் பிடித்து, புறங்கையில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு கோடு இழுத்தாள். ஒன்றின்மேல் ஃபவுண்டேஷனை ஒரு சொட்டு வைத்து விரலால் தட்டித் தட்டிப் பரப்பினாள். கோடு காணாமல் போய்விட்டது. கூடவே அந்த இடத்தில் இருந்த மச்சமும், தோலின் நுண்ணிய வரிகளும் போயின. மற்றதன்மேல் டின்டட் மாய்ஸ்சரைசர். கோடு அப்படியே தெரிந்தது, நீலம் சற்று மங்கியதோடு சரி. ஆனால் அதைச் சுற்றித் திட்டுத்திட்டாக இருந்த நிறம் ஒன்றாகி, தோல் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. மச்சம் மச்சமாகவே இருந்தது.

இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே நான்கு நிறமிகள்தான்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். ஃபவுண்டேஷனில் அவை அடர்த்தியாக இருக்கும். தோலில் பிடித்து நிற்கவும், வியர்வைக்குத் தாங்கவும் வேண்டிய பொருட்களும் சேர்ந்திருக்கும். மற்றதில் கிளிசரின், எண்ணெய்ப் பொருட்கள், நீர் எல்லாம் கலந்த சாதாரண ஈரக் களிம்பில் இந்த நிறமிகளைக் கொஞ்சமாகத் தூவியிருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றின் வேலை மறைப்பது. மற்றதன் வேலை ஈரம் காப்பது. நிறம் அதில் கூடுதல் வரவு.

நம் ஊர் நிறங்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. வெள்ளை நிறமி கூடினால் மாநிறத்திலும் கறுப்பிலும் முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். கல்யாண ஆல்பங்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக நிற்பவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். லேசான பூச்சில் அந்த ஆபத்து குறைவு. ஷேடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தோலின் சொந்த நிறம் ஊடாகத் தெரிவதால் ஒத்துப்போய்விடும்.

> அப்படியானால் தினசரிக்கு இதுவே போதுமா? சொல்லை விடுங்கள், அதைச் சொல்லுங்கள்.

அக்கா, சொல்லையும் அதையும் பிரிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. அலுவலகம், கல்லூரி, கடைகண்ணிக்குப் போவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். சித்திரை வெயிலில் திருச்சியில் பஸ் ஏறி இறங்கினால் கெட்டியான ஃபவுண்டேஷன் மூக்கோரத்தில் பிளந்து நிற்கும், கைக்குட்டையால் ஒற்றினால் பாதி அதோடு வரும். இது கலைந்தாலும் கலைந்தது தெரியாது. ஆனால் முகத்தில் மங்கு என்னும் கருந்திட்டு இருப்பவர்களுக்கும், பரு வந்து போன கறுப்புத் தழும்பை மறைக்க விரும்புகிறவர்களுக்கும் இது ஈடாகாது. அப்புறம் மண்டபத்து விளக்கும் வீடியோ கேமராவும் இருக்கிற இடத்தில் இதைப் பூசிக்கொண்டு போனால் ஒன்றும் பூசாதது மாதிரிதான் இருக்கும். மாற்றாகுமா என்றால், மறைக்க வேண்டியது எதுவும் இல்லாதவருக்கு ஆகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ட்யூபில் எஸ்பிஎஃப் 30 என்று வெயில் காப்பு அளவு போட்டிருப்பதை நம்பிச் சன்ஸ்கிரீனை விட்டுவிடுகிறார்கள். அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வருவது. இதை அவ்வளவு தடிமனாக யாரும் பூசுவதில்லை, ஒரு பட்டாணி அளவோடு முடித்துவிடுகிறோம். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் சொல்வது உண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அந்த நிறமி ஓரளவு தடுப்பதால். அது வேறு பொருள், அதற்குத் தனிச்சொல் வேண்டும். இந்த இழையில் அதைக் கலக்க வேண்டாம்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

‘அடித்தளம்’ எனக்கு ஃபவுண்டேஷனுக்கே இடிக்கிறது. அதற்கும் அடியில் பிரைமர் என்று ஒன்று பூசுகிறார்களே! சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் கேட்டால் பிரைமர்தான் அடி என்பார். இலங்கையிலிருந்து எழுதிய நண்பர் ‘அத்திவாரப் பூச்சு’ என்றதை ரசித்தேன். இங்கே அஸ்திவாரம் என்றால் கடப்பாரையும் ஜல்லியும்தான் நினைவுக்கு வரும், முகத்தில் வேண்டாம். ‘தளப்பூச்சு’ என்று சுருக்கலாம். மற்ற ஒப்பனையெல்லாம் ஏறி நிற்கும் தளம் என்ற பொருளும் இருக்கிறது, பிரைமருக்கு ‘முன்பூச்சு’ என்று இடமும் கிடைக்கிறது.

> ‘அரிதாரம்’ என்ற அழகான சொல் இருக்க ஏன் புதிது? ‘மென் அரிதாரம்’ எனலாம்.

அரிதாரம் முதலில் ஒரு கனிமத்தின் பெயர், ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல். அதைக் குழைத்துக் கூத்துக்கு முகத்தில் பூசியதால் வேடத்துக்கே பெயராகிவிட்டது. இன்று ‘அரிதாரம் பூசியவன்’ என்றால் நடிகன், கொஞ்சம் தள்ளிப் போனால் வேஷக்காரன். உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்று பூசும் ஒன்றுக்கு அந்தப் பெயரா? ஒப்பனை அறைகளுக்கும் சொல் வந்து சேர்ந்த கதை உண்டு: டெக்னிகலர் வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1930களின் இறுதியில் கொண்டுவந்த ‘பான்கேக்’ என்ற முகப்பூச்சு சென்னை ஸ்டுடியோக்களிலும் புழங்கி, நிறுவனத்தின் பெயர் மறந்து வெறும் பான்கேக்காக நின்றது. நாம் சும்மா இருந்தால் இதுவும் அப்படித்தான் நிற்கும். பிபி கிரீம் ஏற்கெனவே நின்றுவிட்டது. 1960களில் ஜெர்மனியில் கிறிஸ்டின் ஷ்ராமெக் என்ற தோல் மருத்துவர், உரித்துச் சிகிச்சை செய்த தோலின் சிவப்பை ஆற்றவும் மறைக்கவும் செய்தது அது, கொரியா வழியாக நம்மிடம் வந்தது. மருந்துக் கடையில் “பிபிக்கு ஒண்ணு குடுங்க” என்றால் மாத்திரை வருமா கிரீம் வருமா என்பது வேறு விஷயம்.

மாய்ஸ்சரைசருக்குப் புழங்கும் ‘ஈரப்பதமூட்டி’யிலும் எனக்கு மனக்குறை. அறைக் காற்றில் ஈரம் ஏற்றும் கருவிக்கும் அதே பெயரைத்தான் எழுதுகிறார்கள். அதைவிட, இது ஊட்டுவதை விடக் காப்பதே அதிகம். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும், வாசலின் போன்றவை அது ஆவியாகாமல் மேலே மூடும். ‘ஈரங்காப்பு’ சரியான சொல்தான், ஆனால் பேச்சில் காப்பு, காபி, வளையல் என்று குழம்புகிறது. தங்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். ‘ஈரப்பூச்சு’ என்று வைத்தால் கொத்தனார் வேலை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தளம், பூச்சு எல்லாமே அவர்களிடமிருந்து கடன் வாங்கியதுதானே, இதையும் வாங்குவோம்.

டின்டுக்குச் ‘சாயம்’ கூடாது. சாயம் ஊறிப் பிடிப்பது, நிறமி மேலே கிடப்பது. சாயம் என்றதும் தலைக்கு அடிக்கும் டையும் திருப்பூரும் வந்துவிடும். ‘சாயல்’ என்கிறேன். அப்பா சாயல், அத்தை சாயல் என்று நாம் சொல்வதில் இருக்கும் அந்த லேசான ஒற்றுமை இதற்கும் பொருந்துகிறது, பூசியவரின் நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதை அழிப்பதில்லை.

ஆக என் பரிந்துரை: ஈரப்பூச்சு, சாயல் ஈரப்பூச்சு, முன்பூச்சு, தளப்பூச்சு, தழும்பு, கருவளையத்தை மறைக்கும் கன்சீலருக்கு மறைபூச்சு. கடைசியானது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. நடுவில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பார்லரில் வேலை பார்க்கும் பெண்கள் இவற்றுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். டப்பாக்களின் மூடியில் மார்க்கரால் ‘கெட்டி’, ‘லேசு’ என்று எழுதியிருக்கிறது. “அக்காவுக்கு லேசு எடு” என்றால் கை சரியான ட்யூபுக்குப் போகிறது. உறையின் முன்பக்கத்தில் ‘சாயல் ஈரப்பூச்சு’ என்று போட்டு, அடியில் சிறிய எழுத்தில் ‘லேசு – மறைக்காது’ என்று சேர்க்க எனக்கு ஆசை. நிறுவனம் இரண்டாவது சொல்லை விடுமா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை உறை அச்சுக்குப் போகிறது. ‘சாயல்’ இலங்கை வழக்கில் வேறு எதையாவது குறிக்கிறதா என்று மட்டும் அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
உறை எழுதுகிறவள்