கடேனாவின் சண்டைச் சேவல்: 18வது விங்கின் கணக்கில் எது வரும், எது வராது?

ஜெட்_பாண்டி (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளம் கடேனா. அங்கே 1979 முதல் நின்ற எஃப்-15 ஈகிள் போர் விமானங்கள் ஒருவழியாக மூட்டை கட்டிவிட்டன. அந்த 48 விமானங்களின் இடத்துக்கு 36 புது எஃப்-15இஎக்ஸ் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். இந்தச் சாக்கில் அந்தத் தளத்தின் 18வது விங்கைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். (ஸ்குவாட்ரன் என்பது ஒரு விமான அணி; பல ஸ்குவாட்ரன் சேர்ந்தால் குரூப், அதற்கும் மேலே விங்.)

1927இல் ஹவாயின் வீலர் ஃபீல்டில் ஒரு குரூப்பாகத் தொடங்கியது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் ஹவாயைத் தாக்கியபோது தரையில் நின்றபடியே அடி வாங்கியது. பிறகு குவாடல்கனால், பிலிப்பைன்ஸ். 1948இல் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் முழு விங் ஆனது. கொரியப் போர் முடிந்ததும் 1954 நவம்பரில் கடேனா, அன்றிலிருந்து அங்கேயேதான். அமெரிக்க விங்தான், ஆனால் அமெரிக்கப் பெருநிலத்தில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. சின்னம் சண்டைச் சேவல். ‘நகத்தாலும் அலகாலும்’ என்பது அதன் லத்தீன் வாசகத்தின் பொருள்.

எனக்குப் பிடித்த பகுதி கொரியா. 1950இல் ஜெட்டை விட்டுவிட்டுப் பழைய புரொப்பெல்லர் விமானமான மஸ்டாங்குக்குத் திரும்பினார்கள். குண்டும் குழியுமான குட்டை ஓடுபாதைகளில் மஸ்டாங்தான் தாங்கும். ஆனால் அதன் என்ஜின் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. கீழிருந்து ஒரு துப்பாக்கிக் குண்டு குழாயில் பட்டால் கதை முடிந்தது. ஆகஸ்ட் 5 அன்று 67வது ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் லூயி செபில் தாக்கப் போனார். ஒரு குண்டு இறக்கையை விட்டு விழ மறுத்தது. அடுத்த சுற்றில் விமானம் அடிபட்டது. தேகுவுக்குத் திரும்பிவிடுங்கள் என்று கூட வந்தவர் ரேடியோவில் சொல்லியும் திரும்பவில்லை. நேராக எதிரி வண்டிகள் மேலேயே போய் விழுந்தார். கொரியப் போரில் அமெரிக்க விமானப்படைக்குக் கிடைத்த முதல் மெடல் ஆஃப் ஹானர், அதாவது அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது, அவருடையது.

அதே 67வது ஸ்குவாட்ரனின் தலைவராக 1965இல் இருந்தவர் ராபின்சன் ரைஸ்னர். கடேனாவிலிருந்து எஃப்-105களோடு தாய்லாந்து போய் வடவியட்நாம் மேல் பறந்தார். ஏப்ரலில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம், செப்டம்பரில் வடவியட்நாமின் சிறை. அந்த அட்டைப்படமே சிறையில் அவருக்கு வினையாகிப் போனது. ஏழு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

என் கட்சி இதுதான்: 70 வருஷமாக இந்த விங் அங்கே நின்றதால்தான் அந்தப் பக்கம் பெரிய யுத்தம் வெடிக்கவில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

நிலா_நாகர்கோவில்

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1954லிருந்து ஒரே தாவாக 1965க்குப் போய்விட்டீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிற்று.

1959 ஜூன் 30. ஒகினாவாவின் இஷிகாவா ஊரில் மியாமோரி தொடக்கப்பள்ளி. காலை பத்தரை தாண்டி, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம். கடேனாவிலிருந்து கிளம்பிய எஃப்-100 போர் விமானம் ஒன்று தீப்பிடித்தது. விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்துக்கொண்டார். விமானி கைவிட்ட விமானம் வீடுகளில் மோதிப் பள்ளிக்கூடத்தில் பாய்ந்தது. 11 மாணவர்களும் 6 ஊர்க்காரர்களும் செத்தார்கள். காயம்பட்டவர்கள் 200க்கு மேல்.

செபிலுக்கு ஒரு பத்தி, ரைஸ்னருக்கு ஒரு பத்தி. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட இல்லையா? பெரிய யுத்தம் வெடிக்கவில்லை என்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கு வெடித்தது என்ன?

கடலோடி

உணர்ச்சிவசப்பட்டுப் பயனில்லை. விபத்து எந்த விமானப்படையில் நடக்கவில்லை? விங்கின் வரலாறு என்றால் போர், பணி, விமானம், ஆட்கள். விபத்துகளை எல்லாம் சேர்த்தால் அது காப்பீட்டுக் கம்பெனிப் பதிவேடு ஆகிவிடும்.

வரைபடத்தைப் பாருங்கள். கடேனாவிலிருந்து தைவானின் தைபே சுமார் 650 கிலோமீட்டர். டோக்கியோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 3,700 மீட்டரில் இரண்டு ஓடுபாதை. வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர், ரேடார் விமானம், மீட்பு ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே விங்கின் கீழ் 1991 முதல். இப்படி ஓர் இடம் அமெரிக்காவுக்கு மேற்கு பசிபிக்கில் வேறெங்கும் இல்லை. 2011 சுனாமியில் ஜப்பானின் செண்டாய் விமான நிலையம் சேற்றில் மூழ்கிக் கிடந்தபோது அதைத் திறந்து வைத்ததும் கடேனாக்காரர்கள்தான். அதையும் எழுதுங்கள்.

பழைய_ஏர்மேன்

நான் இருபது வருஷம் நம் விமானப்படையில் என்ஜின் பக்கம் வேலை பார்த்தவன். பாண்டி தம்பி பக்கம்தான் நிற்கிறேன், ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எஃப்-100 ஒற்றை என்ஜின். அது நின்றால் விமானியின் கையில் இருப்பது சில நொடி. குதித்ததற்காக அவரைத் திட்டுவது சுலபம்; அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்காமல் நான் திட்ட மாட்டேன். ஆனால் இந்த விபத்துக்கு முதலில் ‘தவிர்க்க முடியாதது’ என்று காரணம் சொன்னார்கள். பல வருஷம் கழித்து வெளியான அமெரிக்க விசாரணை அறிக்கையில் பராமரிப்பில் நடந்த தவறு என்று இருந்தது. அப்படியென்றால் கடலோடி சார் சொல்கிற காப்பீட்டுப் பதிவேடு வாதம் நிற்காது. எங்கள் வேலையில் ஒரு எரிபொருள் குழாயைச் சரியாக முடுக்கினோமா என்று இரண்டாவது ஆள் டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தும் ஒரு ஸ்குவாட்ரனின் வரலாறுதான். மெடல் மட்டும் வரலாறு என்றால் மெக்கானிக்குகள் எல்லாம் எங்கே போவது?

கடலோடி

சார், நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

நிலா_நாகர்கோவில்

நன்றி ஐயா.

கடலோடி, நீங்கள் செண்டாயைக் கொண்டுவந்ததால் நானும் ஒன்று கொண்டுவருகிறேன். 1968 நவம்பர் 19. வியட்நாமுக்குக் கிளம்பிய பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று கடேனாவிலேயே மேலெழ முடியாமல் விழுந்து வெடித்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சிபானா ஆயுதக் கிடங்கு. அங்கே என்ன இருந்தது என்பது அடுத்த ஜூலையில் நரம்பு வாயு கசிந்து 24 பேர் பாதிக்கப்பட்டபோதுதான் வெளி உலகுக்குத் தெரிந்தது. 1971இல் அந்த ரசாயன ஆயுதங்களை ஜான்ஸ்டன் தீவுக்குக் கப்பலேற்றினார்கள், ஏறக்குறைய 13,000 டன். பி-52 கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால்? இதுவும் 18வது விங்கின் சாதனைப் பட்டியலில் வரட்டும்.

ஜெட்_பாண்டி

நிலா, இங்கே ஒரு பிழை. அந்த பி-52 18வது விங்குடையது இல்லை. அது மூலோபாய விமானக் கட்டளை என்ற தனி அமைப்பின் விமானம். கடேனாவில் வந்து நின்றிருந்தது, அவ்வளவுதான். ரசாயன ஆயுதமோ அமெரிக்கத் தரைப்படையின் பொறுப்பு. ஒரே வேலிக்குள் இருந்ததாலேயே எல்லாப் பழியையும் ஒரு விங் தலையில் கட்ட முடியாது.

நிலா_நாகர்கோவில்

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். பி-52ஐ எடுத்துவிடுங்கள். கூடவே செண்டாயையும் எடுத்துவிடுங்கள். அந்த ஓடுபாதையைத் திறந்தவர்கள் 353வது சிறப்புப் பணிக் குரூப். அவர்களும் கடேனாவில் குடியிருப்பவர்கள்தானே தவிர 18வது விங் அல்ல. புகழ் வரும்போது தளம் முழுக்க ஒரே குடும்பம், பழி வரும்போது தனித்தனி ரேஷன் கார்டா?

பழைய_ஏர்மேன்

சரியான அடி.

ஜெட்_பாண்டி

ஒத்துக்கொள்கிறேன், நியாயம்தான். 33வது மீட்பு ஸ்குவாட்ரன் சுனாமிக்குப் போனது, அது 18வது விங்குடையது; அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கடலோடி

சரி, செண்டாயை விடுங்கள். அடிப்படைக் கேள்விக்கு வருவோம். ஒகினாவா மக்களுக்குத் தளம் பிடிக்கவில்லை என்பது போலவே இங்கே பேச்சு போகிறது. தளத்துக்குள் இருக்கும் நிலத்துக்கு ஜப்பான் அரசு வருஷா வருஷம் வாடகை கொடுக்கிறது. அந்த நிலம் ஒகினாவா ரியல் எஸ்டேட் சந்தையில் முதலீடாகவே கைமாறுகிறது. ஆண்டு வாடகையைப் போலப் பல மடங்கு விலை. கண்ணால் பார்க்க முடியாத, கால் வைக்க முடியாத நிலத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? தளம் போகாது என்ற நம்பிக்கை. நாளைக்கே விங் கிளம்பினால் முதலில் அழுவது யார்?

நிலா_நாகர்கோவில்

வாடகை உண்மைதான். அது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கர்கள் கரையிறங்கினார்கள், கடேனா ஓடுபாதை அன்றைக்கே விழுந்தது. அதற்கு முன்னால் அந்த ஓடுபாதையைப் போட்டது ஜப்பான் ராணுவம். ஆக, ஊர்க்காரர்களின் வயலை முதலில் எடுத்தது ஜப்பான்தான், அதையும் மறைக்க வேண்டாம். சண்டை முடிந்து முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் ஊர் வேலிக்குள் போயிருப்பதைக் கண்டார்கள். 1950களில் தீவின் மற்ற இடங்களில் இன்னும் நிலம் எடுத்தபோது நடந்ததை ஒகினாவாவில் ‘துப்பாக்கிமுனைக் கத்தியும் புல்டோசரும்’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். இன்றைக்குக் கடேனா ஊரின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தளத்துக்குள் இருக்கிறது. மிச்சத்தில்தான் ஊர்.

வாடகை வேண்டாம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். 1982 முதல் தளத்துக்குள் இருக்கும் நிலத்தை ஒரு சுபோ, அதாவது 3.3 சதுர மீட்டர் கணக்கில் பங்கு போட்டு ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். இரண்டு பாய் விரிக்கிற இடம், அவ்வளவுதான். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித்தான் தீர வேண்டும் என்று அரசை அலையவிடுவதற்காக. நீங்கள் சொல்கிற அதே சந்தையில் இதுவும் நடந்தது.

தளத்தால் ஒகினாவா பிழைக்கிறது என்பதும் பழைய கதை. அமெரிக்க ஆட்சி முடிந்து 1972இல் ஜப்பானிடம் திரும்பியபோது மாநில வருமானத்தில் தளங்களின் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம். இப்போது 5, 6 சதவீதம். ஜப்பான் நிலத்தில் 0.6 சதவீதமுள்ள மாநிலம், அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் தள நிலத்தில் 70 சதவீதத்தைச் சுமக்கிறது.

ஒசாகாவாசி

நான் வாதத்துக்கு வரவில்லை. அங்கே போன ஆள் என்ற முறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தளத்துக்கு எதிரே சாலையோரமாக ‘மிச்சி நோ எக்கி கடேனா’ என்று ஓர் ஓய்விடம் இருக்கிறது. கீழே பலகாரக் கடை, மேலே மொட்டைமாடியில் பார்வைமேடை. ஓடுபாதை முழுக்கத் தெரியும். நான் போனபோது பத்துப் பதினைந்து பேர் நீள லென்ஸ் கேமராவோடு குட்டி ஏணி மேல் ஏறி நின்றார்கள். ஒருவர் காதில் வானொலி. ‘வருகிறது’ என்று அவர் கை காட்டினார், இரண்டு ஈகிள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வாலில் இசட் இசட் என்ற கடேனாவின் குறியெழுத்து. சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் இடித்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. கைதட்டலாம் போல இருந்தது.

பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை அம்மாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். விமானம் வந்ததும் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள், அம்மாவும் நிறுத்தினார். இருவரும் மேலே பார்க்கக்கூட இல்லை. சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

எதிரே ஒரு சின்ன மேடும் உண்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பாதுகாப்பு ஒப்பந்தம் தெரியும் குன்று’. அந்தக் குசும்புக்கு எந்தப் பக்கம் சார்பு என்று எனக்குப் புரியவில்லை.

கடலோடி

சத்தம் என்றால் அதற்கு நஷ்டஈடு கொடுக்கிறார்களே.

நிலா_நாகர்கோவில்

யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1982இல் முதல் வழக்கு. மூன்றாவது வழக்கில் 22,000 பேர். 2017இல் ஒகினாவாவின் நாஹா நீதிமன்றம் ஏறக்குறைய 3,020 கோடி யென் கொடுக்கச் சொன்னது. அமெரிக்கப் படைகளைப் பற்றிய இரு நாட்டு ஒப்பந்தப்படி இதில் பெரும்பங்கு அமெரிக்கா கொடுக்க வேண்டும். சத்தத்துக்காக அமெரிக்கா ஒரு யென் கொடுத்ததில்லை, எல்லாம் ஜப்பான் வரிப்பணம். இரவில் பறக்காதே என்று தடை கேட்டதை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை; அமெரிக்க விமானத்தைக் கட்டுப்படுத்த ஜப்பான் அரசுக்கு அதிகாரமில்லை என்பது காரணம். இரவு 10 முதல் காலை 6 வரை பறப்பதைக் குறைப்பதாக 1996இல் இரு அரசும் ஒப்புக்கொண்டன, ஆனால் ‘பணிக்குத் தேவையானால் தவிர’ என்ற ஒரு வால் அதில் உண்டு. 2022இல் நாலாவது வழக்குப் போட்டவர்கள் 35,000க்கு மேல்.

கடலோடி

பெய்ஜிங்கிலிருந்து ஏவுகணை வந்தால் வழக்குப் போட யாரும் இருக்க மாட்டார்கள். கடேனாவைக் காலி செய்தால் அந்த இடத்தை நிரப்ப யார் வருவார் என்று யாராவது பதில் சொல்லுங்கள்.

பழைய_ஏர்மேன்

அதே ஏவுகணைக்கு முதல் இலக்கு கடேனாதான் என்பதும் இருக்கிறதே சார். ஈகிள்களை எடுத்த பிறகு எஃப்-22, எஃப்-35, எஃப்-16 என்று சுழற்சியில் அனுப்பிக்கொண்டிருந்ததற்கு வயதான விமானம் என்பது முதல் காரணம். ஆனால் எல்லாக் கோழியையும் ஒரே பஞ்சாரத்தில் அடைக்கலாமா என்ற பேச்சும் அதோடு ஓடியது. விங் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தைபே கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும் என்கிறேன்.

ஜெட்_பாண்டி

என் கட்சியை நான் விடவில்லை. அந்த விங் அங்கே இல்லாத கிழக்காசியாவை என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் முதல் பதிவில் தாவியது தாவியதுதான். ‘1959 ஜூன் 30: கடேனாவின் எஃப்-100 மியாமோரி பள்ளியில் விழுந்தது, 17 பேர் பலி, பராமரிப்புத் தவறு’ என்று செபிலுக்கும் ரைஸ்னருக்கும் நடுவில் இப்போது சேர்த்திருக்கிறேன். 1970 டிசம்பரில் தளத்தை ஒட்டிய கோசா ஊரில் ஜனங்கள் அமெரிக்கர்களின் வண்டிகளைத் தேடிப்பிடித்து 80 வரை கொளுத்தி, கடேனாவின் வாசல் தாண்டி உள்ளேயும் போனார்களே, அதற்கும் ஒரு வரி. பி-52ஐயும் செண்டாயையும் அடைப்புக்குறிக்குள் ‘அதே தளம், வேறு அணி’ என்று போட்டுவிட்டேன். திருப்தியா நிலா?

நிலா_நாகர்கோவில்

17 இல்லை அண்ணா. அன்றைக்குத் தீக்காயம் பட்ட மாணவர் ஒருவர் பின்விளைவால் 1976இல் இறந்தார். அவரையும் சேர்த்துத்தான் அந்த ஊரில் எண்ணுகிறார்கள்.

ஜெட்_பாண்டி

18 என்று திருத்திவிட்டேன்.