மழைக்கு வராத வகுப்புக்கும் முழுக்காசா?

மஸ்கெலியா_அப்பா:
மகள் எட்டாம் ஆண்டு. ஹட்டன் டவுனில் ஒரு தனியார் சங்கீத வகுப்பில் வயலின் படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் அரை மணித்தியாலம், டீச்சரும் அவளும் மட்டும். மாதம் 4,000 ரூபாய், முதல் வாரமே கட்டிவிட வேண்டும். போன மாதம் ஒரு சனி மண் சரிந்து பஸ் ஓடவில்லை. இன்னொரு சனி பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த இரண்டு வகுப்புக் காசும் போனது போனதுதான் என்கிறார்கள். வீட்டுக்காரி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். கிலோ குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள். இங்கே ஆளே போகவில்லை, முழுப்பேர் விழுகிறது! 2024 அரசாங்க வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு வகுப்பு, அவள் ஒன்றரை நாள் மலையில் நின்ற காசு. இது நியாயமா?

பண்டாரவளை_டீச்சர்:
ஐயா, நானும் இதே தொழில்தான். அடி எனக்கும் விழும் என்று தெரிந்தே சொல்கிறேன்: நியாயம்தான். நாலரை மணி உங்கள் மகளுக்கு என்று எழுதிவிட்டால் அது அவளுடையது. நாலு இருபதுக்கு ஃபோன் எடுத்து வரவில்லை என்றால் வேறு பிள்ளைக்கு எங்கே போவேன்? மழை என்று அறை வாடகை குறையாது. எங்களுக்கு ஈபிஎஃப், ஈடிஎஃப் என்று தொழிலாளர் சேமநிதி எதுவும் கிடையாது. முதல் நாளே சொன்னால் வேறு நேரம் தருவேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மஸ்கெலியா_அப்பா:
மண் என்ன முதல் நாளே சொல்லிவிட்டா சரிகிறது, டீச்சர்? சரி, அதை விடுங்கள். அவள் போன வகுப்புகளிலும் கதை இதுதான். அரை மணித்தியாலத்தில் முதல் பத்து நிமிடம் சுருதி கூட்டவே போகிறது. நான் வாசலில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பண்டாரவளை_டீச்சர்:
இங்கேதான் நீங்கள் தப்பாகக் கணக்குப் போடுகிறீர்கள். சுருதி கூட்டுவதும் பாடம்தான். ச-ப-ச-ப என்று நாலு தந்தியையும் தானே கூட்டத் தெரியாத பிள்ளை, வீட்டில் ஆறு நாளும் பிசகிய சுருதியில் சரளி வரிசை வாசிக்கும். காது கெட்டுப்போனால் திருத்த ஆறு மாதம். நம் ஊர்க் குளிர் வேறு. மூடுபனி நாளில் மரம் ஈரம் குடித்து ஊதும், தந்தியை முறுக்குகிற பிருடை இறுகிவிடும். காற்று காய்ந்தால் அதே பிருடை நழுவும். கொழும்பில் ஏசி அறையில் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தொல்லை தெரியாது.

தப்புக்காரன்_பேரன்:
சிரிப்பு வருகிறது. எங்கள் தாத்தா காலையில் தோட்டத்து ஆள்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தவர். மாசியில் காமன் கூத்துக்கும் அவர்தான். மழை ஈரத்தில் தோல் தொய்ந்தால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார், அதுதான் அவர் சுருதி கூட்டுவது. அதற்கு எவனிடமும் காசு வாங்கவில்லை. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினோம். நம் லயத்து வீடுகளில் இருக்கிற வாத்தியத்தை விட்டுவிட்டு ஏன் எல்லாரும் டவுனுக்கு ஓடுகிறீர்கள்?

டிக்கோயா_அக்கா:
தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் தங்கச்சியும் பக்கத்தில் நின்று பழகினாளா? தப்பை அவள் கையில் கொடுத்தார்களா? எங்கள் லயத்தில் நான் தொட்டதற்கே ஏச்சு வாங்கினேன். டவுனுக்குப் போன பிறகுதான் என் கையில் ஒரு வாத்தியத்தைத் தந்தார்கள்.

தப்புக்காரன்_பேரன்:
கொடுக்கவில்லை அக்கா. அது தப்புதான்.

கண்டி_கீபோர்ட்:
காசை விடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. நான் இங்கிலாந்து ஏபிஆர்எஸ்எம் பரீட்சையில் ஐந்தாம் கிரேட் பியானோ பாஸ். வருசத்துக்கு ஒரு கிரேட் என்று அப்பா நின்றார். டீச்சரும் வருசம் முழுக்க அந்த மூன்று பாட்டையே வாசிக்க வைத்தார். ஆறாம் கிரேட்டுக்குப் போக ஐந்தாம் கிரேட் தியரி வேண்டும் என்றதும் அதற்கு வேறு வகுப்பு, வேறு காசு. இவ்வளவுக்கும் பிறகு கோயிலில் ஒரு பஜனைக்கு வாசி என்றால் நோட்ஸ் இல்லாமல் கை நகராது. மூலையில் இருந்த ஆர்மோனியத் தாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டிக்கோயா_அக்கா:
பரீட்சையையே வேண்டாம் என்று தள்ள எங்களால் முடியாது. எங்கள் பாடசாலையில் சங்கீத டீச்சர் மாற்றலாகி இரண்டு வருசம், ஆள் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்த பிள்ளை செய்முறைப் பரீட்சையில் வாய் திறக்க வேண்டுமே. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கும் டவுன் டீச்சர்தான் கதி. மகளை நான் அனுப்புவது அதற்காகத்தான். ஆனால் தனி வகுப்பு கட்டாது. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மணித்தியாலம் எடுக்கிறார்கள், காசைப் பங்கு போடுகிறோம். ஒருத்தி வராவிட்டாலும் வகுப்பு நடக்கும்.

பண்டாரவளை_டீச்சர்:
பாட்டுக்கு அது சரி அக்கா. வயலினுக்குத் தொடக்கத்தில் சரிவராது. வில் பிடிக்கிற சின்ன விரலை யார் பார்ப்பது? ஒரு வருசம் தனியாகப் படித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மஸ்கெலியா_அப்பா:
இன்று போய்க் கேட்டேன். மழை நாளில் வட்ஸ்அப்பில் வீடியோ வகுப்பு எடுக்கலாமாம், காசைத் திருப்ப மாட்டார்களாம். எங்கள் லயத்தில் சிக்னல் பிள்ளையார் கோயில் மேட்டில்தான் வரும். மழையில் அங்கே வயலினோடு நின்றால் நல்லாத்தான் இருக்கும்! கடைசியில், மாதத்தில் ஒரு வகுப்பை மட்டும் அடுத்த சனி இரட்டையாக எடுக்க ஒத்துக்கொண்டார்கள். மனது ஆறவில்லை, ஆனால் நிறுத்தப் போவதில்லை. டீச்சர், மகள் கேட்கச் சொன்னாள்: மூன்றாவது தந்தியின் பிருடை அசையவே மாட்டேன் என்கிறது, சோக் கட்டி பூசலாமா?

பண்டாரவளை_டீச்சர்:
ஐயோ, சோக் வேண்டாம், அது நழுவுகிற பிருடைக்கு. இறுகியதற்குப் பென்சில் கரி. மெதுவாக ஆட்டிக் கழற்றி, மரம் உரசும் இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தந்தியை மட்டும் தளர்த்தட்டும். நாலையும் ஒன்றாக விட்டால் தந்திகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்துவிடும், அப்புறம் அதை நிமிர்த்த டவுனுக்குத்தான் வர வேண்டும்.