அடி பட்டது பின்மண்டைல, மாறினது குணம். ஏன்?

ஈசூன்_தங்கச்சி:
வணக்கம். எங்க அண்ணன் புளோக் படிக்கட்டுல மல்லாக்க விழுந்து பின்மண்டைல நல்ல அடி. சிடி ஸ்கேன்ல சின்ன ரத்தக்கசிவு, ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. இப்ப நடக்குறாரு பேசுறாரு, ஆனா ஆளே மாறிட்டாரு. சத்தமே போடாத மனுஷன் பிள்ளைங்க டிவி பாத்தா கத்துறாரு, எதையும் ஆரம்பிச்சா முடிக்கிறதில்ல, சாம்பார் தீஞ்சா கூட வாசன தெரியல. சொந்தக்காரங்க திமிருங்குறாங்க, அண்ணி அழறாங்க. குணத்துக்கு முன்மூளதான் பொறுப்புன்னு படிச்சேன், அடி பின்னாடிதானே?

நர்ஸ்_அக்கா:
மண்டைல அடி விழுந்த இடத்துலதான் மூளையும் அடிபடணும்னு இல்லம்மா. பஸ் சடன் பிரேக் போட்டா நிக்கிறவங்க போய் மோதுற மாதிரி மூளை உள்ளுக்குள்ள ஆடி எதிர்ப்பக்கம் போய் இடிக்கும், முன்மூளைக்கு அடில இருக்குற எலும்பு கரடுமுரடா வேற இருக்கும், அதனால பின்னாடி விழுந்தவங்களுக்கு நெத்திப்பக்கமும் காதுப்பக்கமும் கன்னிப்போறது ரொம்ப சகஜம். வாசன நரம்பு மூக்குக்கு மேல எலும்புல இருக்குற பொடி ஓட்டைங்க வழியா வருது, அந்த ஆட்டத்துல அறுந்துடும். கோவத்த அடக்குறது, வேலைய பிளான் பண்றது எல்லாம் அதே முன்பக்கம்தான். இது திமிரு இல்ல, தயவுசெஞ்சு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க.

உட்லண்ட்ஸ்_குமார்:
எங்கப்பாவுக்கு பைக் ஆக்சிடண்ட்ல இடது காதுப்பக்கம். ஆள அடையாளம் தெரியும், பேரு வாய்ல வராது, காலைல சொன்னது மத்தியானம் மறந்துடும். பக்கத்து பெட்காரருக்கு சிறுமூளைல அடி, அவருக்கு ஞாபகம் எல்லாம் சுத்தமா இருந்துச்சு ஆனா டம்ளர எடுத்தா கை ஆடும். ஸ்கேன் நார்மல்னு சொன்னாலும் விட்றாதீங்க, மூளைக்குள்ள ஓடுற மெல்லிய நார் இழுபட்டிருந்தா சிடில பெரும்பாலும் தெரியாது. ரெஃபரல் கேட்டு ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்ட (அன்றாட வேலைங்கள திரும்ப செய்ய பழக்குறவங்க) பாருங்க, எங்களுக்கு மருந்த விட அதான் உதவுச்சு. போன்ல ரிமைண்டர், ஒரு நேரத்துல ஒரே வேல, வீட்ல சத்தம் கம்மி.

தேக்கா_ராஜா:
1848ல அமெரிக்காவுல பினியஸ் கேஜ்னு ரயில் பாதை போடுற ஃபோர்மேன், இரும்புக்கம்பி முன்மூளைய துளைச்சுட்டு வெளிய போயும் பொழச்சாரு, ஆனா பழைய கேஜ் இல்லன்னு கூட இருந்தவங்களே சொன்னாங்க. உங்க அண்ணனுக்கு தலவலி கூடிட்டே போனாலோ, வாந்தி, அசத்தி அசத்தி தூக்கம் வந்தாலோ காத்திருக்காதீங்க, சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர் 995 கூப்பிடுங்க. சில பேருக்கு வாரங்கள் கழிச்சும் ரத்தம் கட்டும்.

ஈசூன்_தங்கச்சி:
ரொம்ப நன்றி, அண்ணிக்கு அனுப்பிட்டேன். வாசன திரும்ப வருமாக்கா?

நர்ஸ்_அக்கா:
சில பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் வரும், சில பேருக்கு வராமலே போகும். அதுவரைக்கும் அவர தனியா சமைக்க விடாதீங்க, கேஸ் லீக்கானாலும் தெரியாது, மிச்ச சாப்பாட்டுல தேதி எழுதி ஃபிரிட்ஜ்ல வைங்க.