பிரீமியம் டீசல்: கூடுதல் காசுக்குப் பலன் உண்டா?

கியர்_5: 1.5 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின், 90,000 கி.மீ. ஓடியிருக்கு. பிரீமியம் டீசல் லிட்டருக்கு 6 சதவீதம் விலை கூட. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் டக்டக்னு தட்டும், லேசா வெள்ளைப் புகை வரும், சூடானதும் நின்னுடும். பிரீமியத்துக்கு மாறினா இது சரியாகுமா? மைலேஜ் ஏறுமா?

ரெயில்பிரஷர்: மைலேஜ் கணக்கை முதல்ல முடிச்சிடலாம். 6 சதவீதம் கூடக் கொடுத்தா, லிட்டருக்கு 18 ஓடுற வண்டி 19.1 ஓடினாத்தான் போட்ட காசுக்குச் சரி. இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற பாகம்) நல்லா இருக்கிற வண்டியில் அது நடக்காது. லிட்டருக்கு இவ்வளவு எரிசக்தி என்பது டீசலின் அடர்த்தியோட போற விஷயம். பிரீமியத்தில் கூடுதலா சேர்க்கிற மருந்து பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கணக்குதான், அதனால எரிசக்தி ஏறாது.

அப்போ காசு எதுக்குப் போகுது? முக்கியமா டிடர்ஜென்ட்டுக்கு. இன்ஜெக்டர் நாஸில் ஓட்டை ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், பின்னால 1,600 பாருக்கு மேல அழுத்தம். ஓட்டை விளிம்பில் கரி படிஞ்சா ஸ்ப்ரே கோணும், துளி பெரிசாகும், பாதி எரிஞ்சு கரும்புகையா வெளிய வரும். இன்ஜெக்டரைத் திறந்து மூடுற ஊசியில் பிசின் மாதிரி படிஞ்சாலோ அது நேரத்துக்குத் திறக்காது, ஐடிலிங் ஆடும். டிடர்ஜென்ட் இந்தப் படிவைக் கொஞ்சம் கொஞ்சமா கழட்டும்.

அடுத்தது சீட்டேன், டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும்னு காட்டுற எண். இதை பெட்ரோல் ஆக்டேனோட குழப்பிக்காதீங்க, கிட்டத்தட்ட நேர் எதிர். சீட்டேன் கூடினா தெளிச்ச டீசல் சீக்கிரம் பற்றும். குளிர் ஸ்டார்ட்டில் தட்டல், வெள்ளைப் புகை குறையும். ஐரோப்பியத் தரத்தில் குறைந்தபட்சம் 51, அமெரிக்கத் தரத்தில் 40. ஏற்கெனவே 51 போடுறவருக்கு வித்தியாசம் சின்னது. 40-ல் ஓட்டுறவருக்குக் காதுலயே தெரியும். எல்லா பிரீமியத்திலும் சீட்டேன் கூட இருக்காது, சிலதில் டிடர்ஜென்ட் மட்டும்தான். விவரத்தாளைப் பார்த்துட்டுப் போடுங்க.

லீக்ஆஃப்: குளிர்ல மட்டும் தட்டுது, சூடானா நிக்குதுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது குளோ பிளக்கை (குளிர் ஸ்டார்ட்டுக்கு சிலிண்டரைச் சூடாக்குற பிளக்). கனெக்டரைக் கழட்டிட்டு, பிளக் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. சாதாரண மெட்டல் பிளக்னா 1 ஓம் பக்கத்துல காட்டணும். ரீடிங்கே வரலைன்னா அது செத்துப்போச்சு. நாலுல ஒண்ணு போனாலும் இதே அறிகுறிதான், எந்த டீசல் ஊத்தினாலும் மாறாது.

பிளக் சரின்னா ஃபில்டர் அடியில் தேங்கின தண்ணியை வடிச்சுடுங்க. அப்புறம் லீக் ஆஃப் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்னிலும் (மிச்ச டீசல் திரும்பி வர்ற வழி) ஒரு டியூப் மாட்டி, ஒரே அளவு பாட்டிலில் விட்டு, ஐடிலிங்கில் ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. ஒரு பாட்டில் மட்டும் மத்ததைவிட ரெண்டு மடங்கு ஏறினா அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ஞ்சிருக்கு. படிவைக் கழுவலாம், தேய்ஞ்ச இரும்பு வளராது.

டேங்க்_ஃபுல்: மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா பிரீமியம் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். நாலஞ்சு கி.மீ. ஓட்டம், எஞ்சின் சூடேறுறதுக்குள்ள அணைக்கிறதுன்னே ஓடுற வண்டிக்குப் படிவு சீக்கிரம் சேரும். தொடர்ந்து மூணு டேங்க் போட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா அப்புறம் நாலு டேங்குக்கு ஒண்ணு போதும். தெரியலைன்னா அந்தக் காசை ஃபில்டருக்கு வைங்க.

இஜிஆர் வால்வு (எரிஞ்ச புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்புறது), இன்டேக் (எஞ்சினுக்குக் காத்து போற வழி) கரியை இது சுத்தம் பண்ணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டீசல் நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்குது, இன்டேக் பக்கமே எட்டிப்பார்க்காது. இன்னொண்ணு: பிரீமியம் அதிகம் விற்காத பங்கில் அது தொட்டியிலேயே நாள்கணக்கா கிடக்கும். பயோடீசல் கலந்ததுன்னா ஈரம் இழுக்கும். வேகமா விற்கிற இடத்துச் சாதா டீசல் அதைவிட மேல்.

கியர்_5: குளோ பிளக்கை முதல்ல பார்க்கிறேன். மைலேஜை எப்படிச் சரியா அளக்கிறது? மீட்டர் காட்டுறதை நம்பலாமா?

ரெயில்பிரஷர்: வேண்டாம், அது இன்ஜெக்டர் திறக்கிற நேரத்தை வச்சுப் போடுற கணக்கு. ஒரே பங்கு, ஒரே பம்ப் நாஸில், டேங்க் நிறைஞ்சு பம்ப் தானா நிக்கிற முதல் ஆட்டோ கட்டோட நிறுத்திடுங்க. டயர் காத்து ஒரே அளவு, வழக்கமான ரூட். சாதாவில் மூணு டேங்க், பிரீமியத்தில் மூணு டேங்க். நிரப்புறதுலயே 2, 3 சதவீதம் முன்னபின்ன ஆகும், அதனால ஒரு டேங்க் கணக்கு செல்லாது.