முகவரி கேட்ட வேலைகள்

பரமக்குடியிலிருந்து:

2016-இல் பொறியியலில் இசிஇ (மின்னணு, தொடர்பியல்) முடித்தேன். நான்கு ஆண்டுகளில் எங்கள் கல்லூரிக்கு வளாகத் தேர்வுக்கு வந்தவை இரண்டே நிறுவனங்கள். இரண்டும் விற்பனைக்குத்தான் ஆள் கேட்டன. மற்றபடி நேரில் போய் வரிசையில் நிற்கும் வாக்-இன் நேர்காணல்தான். நாளை மறுநாள் காலை 9 மணி, கிண்டி என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். இங்கிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் மேல். இஸ்திரி போட்ட சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் மேலாக வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறுவேன். கோயம்பேட்டுக் கட்டணக் குளியலறையில் மாற்றும்போது மடிப்புக் கோடு நெஞ்சுக்குக் குறுக்கே நிற்கும். தண்ணீர் தொட்டுத் தடவினாலும் போகாது.

ஏழு முறை அப்படிப் போனேன். "சென்னையில் எங்கே தங்கியிருக்கிறீர்கள்? திங்கட்கிழமை சேர முடியுமா?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் என் விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விடும். கடைசியில் அம்மாவின் தோட்டை அடகு வைத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு படுக்கை பிடித்தேன். அந்த முகவரியை எழுதத் தொடங்கி ஐந்தாவது வாரம் வேலை கிடைத்தது. மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் கூடியிருக்கவில்லை. தென்மாவட்டப் பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2018-இல் ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் மத்திய அரசே பின்தங்கிய மாவட்டங்களாகப் பட்டியலிட்டது. தொழிற்சாலை சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருக்கிறது, பிள்ளை இங்கே இருக்கிறான். இடையிலுள்ள தூரத்தை அம்மாவின் தோடுதான் கடந்தது.

கோவையிலிருந்து:

படித்ததும் மனம் கனத்துவிட்டது, நண்பரே. நான் அரியரோடு வெளியே வந்த மெக்கானிக்கல் மாணவன். வீட்டுக்கு நான்கு தெரு தள்ளிப் பம்ப் செட் வார்ப்படப் பட்டறை. இறுதியாண்டு புராஜெக்டை அங்கேதான் செய்தேன். மணலைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தே, ஈரம் அதிகம், வார்ப்பில் ஓட்டை விழும் என்று சொல்லும் பெரியவர் ஒருவரிடம் தொழில் கற்றேன். முதலாளி நேர்காணலே நடத்தவில்லை. "அடுத்த மாதம் வந்துவிடு தம்பி" என்றார்.

தருமபுரியிலிருந்து:

எனக்கு ஓசூரில் வேலை உறுதியானது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். இரவு ஷிப்ட் உண்டு என்றதும் வீட்டில் மறுத்துவிட்டார்கள். நம்பிக்கையான மகளிர் விடுதி ஒன்றைத் தேடிப் பிடித்து அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் சேரும் தேதி 11 நாள் கடந்துவிட்டது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாலே எழுதக்கூடிய தேர்வு. நூலகத்தில் என் மேசையில் நான்கு பேர் உட்காருகிறோம். நால்வரும் பி.இ.