மாற்றியது ஹேண்டில்பார், போனது பிரேக் – உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

மண்பாதை:

மூன்று மாதம் ஆகிவிட்டது, சைக்கிளில் போன அந்த இறக்கம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

வண்டி நம்மில் பலரிடம் இருக்கும் வகைதான். நேர் ஹேண்டில்பார், வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் நீளமான கை நின்று கட்டையை அழுத்தும் வகை), மட்கார்ட், பின்னால் கேரியர். வேலைக்கும் அதுதான், சாமான் வாங்கவும் அதுதான், விடுமுறை நாளில் நெடுந்தூரம் போகவும் அதுதான். இரண்டு மணி நேரம் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது என்று, கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில்பாருக்கு மாறினேன். பழைய பிரேக் லீவர் அதில் ஏறாது. நேர் பாரில் லீவர் பிடிக்கும் இடம் 22.2 மி.மீ., வளைந்த பாரில் 23.8. சரி என்று ரேஸ் லீவர் ஒரு ஜோடி வாங்கினேன். பழைய வயரின் தலை அதில் உட்காரவில்லை; வேறு தலை உள்ள வயர் வாங்கிப் போட்டேன். இந்த இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் தள்ளிப் பார்த்தபோது கப்பென்று பிடித்தது. பிரேக் கட்டைகளை ரிம்முக்கு ஒட்டினாற்போல வைத்திருந்தேன், அதனால். பிறகு நான்கு நாள் விடாத மழை. மண்ணும் தண்ணீரும் சேர்ந்து கட்டையைத் தேய்த்ததை நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் இறக்கத்தில் லீவரை இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. அப்புறம் லீவரின் முனை பாரில் போய் இடித்து நின்றது, நடுவே என் இரண்டு விரல்கள். அதற்கு மேல் இழுக்க இடமே இல்லை. வண்டியின் வேகம் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. கீழே திருப்பத்தில் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஓரத்துப் புல்மேட்டில் ஏற்றி விழுந்ததால் தப்பித்தேன்.

வி-பிரேக்கின் நீளமான கைக்கு நிறைய வயர் இழுபட வேண்டும். ரேஸ் லீவர் இழுப்பது அதைவிடக் குறைவு. வி-பிரேக்குக்கென்றே செய்த வளைந்த பார் லீவர்கள் இருக்கின்றன. இப்போது டெக்ட்ரோ ஆர்எல்520 போட்டிருக்கிறேன், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் இறங்க முடிவதில்லை.

ஒன்றை மாற்றப் போய் இன்னொன்று கெட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

சாயங்காலச் சவாரி:

எனக்கும் பிரேக்தான். படிக்கும்போதே கை வியர்த்தது.

வண்டிக்குப் புது நிறம் அடித்தேன். வயர் உள்ளே ஓடும் கருப்பு உறை, அதாவது வயர்க்கூடு, அதற்குப் பொருந்தவில்லை. கியருக்கு வாங்கிய சிவப்புக் கூடு ஒரு முழத்துக்கு மேல் மீந்திருந்தது. பிரேக் கூடும் கியர் கூடும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? முன் பிரேக்குக்கு அதையே வெட்டிப் போட்டேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் சந்திலிருந்து ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வந்தான். முழு பலத்தோடு பிடித்தேன். கைக்குப் பக்கத்திலேயே பட்டென்று ஒரு சத்தம், லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. பின் பிரேக் இருந்ததால் அவனுக்கு ஒரு அடி முன்னால் நின்றேன். பிறகு பார்த்தால் சிவப்பு பிளாஸ்டிக் நெடுக்காகக் கிழிந்து, உள்ளே இருந்த கம்பிகள் கட்டு அவிழ்ந்த விளக்குமாறு மாதிரி விரிந்து நிற்கின்றன.

கியர் கூட்டுக்குள் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெளிப் பிளாஸ்டிக் மட்டும்தான். பிரேக் கூட்டுக்குள் இருப்பது ஸ்பிரிங் போலச் சுற்றிய கம்பி, அழுத்தத்தைத் தாங்கும். வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் வெட்டினேன், முனையைப் பார்க்கவும் செய்தேன், நிறத்தை மட்டும்தான் கவனித்தேன். அந்தச் சிறுவன் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய இரும்பு:

மண்பாதை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் லீவரைக் குறை சொல்கிறீர்கள். நான் அதற்கும் ஒரு படி முன்னால் போகிறேன்: அந்த ஹேண்டில்பாரே தேவைப்பட்டிருக்காது. உள்ளங்கை மரத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டை. மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் கையில் இறங்கும். சீட்டை மட்டமாக்கி, ஒரு விரல் அளவு பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் பாரை மாற்றலாம். எடுத்த எடுப்பில் வண்டியின் முன்பக்கத்தையே பிரித்துப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் அதே வலிக்காக ஹேண்டிலை உயர்த்தியவன். என்னுடையது பழைய வகை ஸ்டெம், அதாவது ஹேண்டிலைத் தாங்கும் துண்டு; முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டுக்குள் இறங்கி ஆப்பு வைத்து இறுகும். அதில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. எனக்கு இரண்டு விரல்கடை வெளியே தெரிந்தது. நிமிர்ந்து உட்கார சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். ஹேண்டிலை இழுக்கும்போதெல்லாம் கையில் ஏதோ நெகிழ்கிறது. சத்தம் எதுவும் இல்லை, நெகிழ்வு மட்டும். இறங்கி வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். ஸ்டெம்மை உருவிப் பார்த்தால் ஃபோர்க் தண்டின் மரைப் பகுதியில் ஒரு கருப்பு ரோமம் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. நகத்தால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. நகம் உள்ளே இறங்கியது. அது விரிசல்.

ஃபோர்க்கையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

மண்பாதை:

ஐயா, சீட்டைப் பார்த்தேன். மட்டமாகத்தான் இருக்கிறது, பாரை மாற்றுவதற்கு முன்பும் அப்படித்தான். வளைந்த பாரில் கையை மூன்று நான்கு இடங்களுக்கு மாற்றி வைக்க முடிகிறது, மரத்துப்போவது நின்றுவிட்டது. பாரை மாற்றியது தவறு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பொருந்தாத லீவரைப் போட்டதுதான் தவறு. ஆனால் நகம் உள்ளே இறங்கியது என்று படித்ததும் எழுந்து போய் என் வீட்டிலிருக்கும் பழைய வண்டியின் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளேதான் இருக்கிறது. நன்றி.

சுமைவண்டி:

என்னுடையதில் யாருக்கும் ஆபத்து வரவில்லை, ஆனால் ஒரு முழு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது.

கூடையிலிருந்து கேரியர் பைகளுக்கு மாறினேன், இரண்டு பக்கமும் தொங்கும் வகை. முதல் நாள் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. பைகளைப் பின்னால் நகர்த்தினேன், அது தீர்ந்தது. பிறகு புதிதாக ஒரு சத்தம். டிக், டிக், டிக். கடைசி கியரில் மட்டும். மற்ற கியர்களில் வண்டி பூனை மாதிரி போகிறது.

கியரைத் திருப்பித் திருப்பி அளவு வைத்தேன். செயினை மாற்றினேன். பெடல், அச்சு எல்லாவற்றையும் கழற்றிக் கிரீஸ் வைத்து மாட்டினேன். தெரிந்தவர் ஒருவர் பின் பல்சக்கரத்தொகுதியே தேய்ந்துவிட்டது என்றார், அதையும் மாற்றினேன். டிக், டிக்.

ஒரு இரவு வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். கேரியரின் கீழ்க்காலை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டின் நுனி, வலது பக்கம் உள்ளே இரண்டு மரை அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. செயின் சிறிய பல்சக்கரத்துக்கு வரும்போது மட்டும் அந்த நுனியைத் தொட்டுவிட்டுப் போகிறது. நுனி தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. 5 மி.மீ. போல்ட், கொஞ்சம் குட்டையானது ஒன்று போட்டேன், சத்தம் போய்விட்டது.

கழற்றிப்போட்ட பல்சக்கரத்தொகுதி நன்றாகவே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

அறுநூற்று இருபத்திரண்டு:

26 அங்குலச் சக்கரத்துக்கு 26 அங்குல டயர் வாங்கி, டயரை நெம்பி ஏற்றும் லீவர் மூன்றை உடைத்தவன் நான். டயரில் 26 × 1.75 என்று இருந்தது. பழைய டயரில் 26 × 1⅜. இரண்டும் 26தானே? கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. மூன்றாவது லீவர் ஒடிந்து முகத்தில் தெறித்தபோதுதான் நிறுத்தினேன்.

அதனால் டயர் மாற்ற நினைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், அங்குலத்தை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல இரண்டு எண்கள் கோடு போட்டுப் பொறித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. இரண்டாவது எண் ரிம்மோடு ஒத்துப்போயே ஆக வேண்டும், அதில் பேரமே கிடையாது. 26 × 1.75 என்றால் 559. 26 × 1⅜ என்றால் 590. நான் ஏற்றப் பார்த்தது 31 மி.மீ. சிறிய டயரை. 28 என்று எழுதியிருந்தாலும் இதே கதை: 700சி வகை 622, வயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக் வைத்த பழைய பெரிய வண்டிகளின் 28 × 1½ என்பது 635. 29 அங்குலம் என்று விற்பதும் அதே 622தான், அகலமான டயர் போட்டதால் பெயர் மாறிவிட்டது.

அகலத்தில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. எல்லா வேலைக்கும் ஓட்டும் வண்டிக்கு ஃபிரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமாகப் போடுங்கள் என்பதே என் கட்சி. அகல டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம். குலுக்கல் டயரிலேயே அடங்கும், மணிக்கட்டுக்கு வராது. பக்கவாட்டில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் உச்ச அளவு. அந்த அளவுக்குக் காற்று அடித்தே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. பின் சக்கரத்தில் பாரம் அதிகம், அதனால் முன்னதைவிடப் பின்னால் கூடுதலாக அடியுங்கள். சாமான் ஏற்றும் நாளில் இன்னும் கொஞ்சம்.

டியூப் வாங்கும்போது வால்வையும் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ரிம் துளையில் தடித்த கார் வால்வு நுழையாது. துளையைப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால், ரிம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் செய்யாதீர்கள். புது டயர் போட்டதும் வேகம் காட்டும் கருவியில் சுற்றளவை மாற்றவும் மறக்காதீர்கள்.

பழைய இரும்பு சொன்ன சீட் விஷயத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சீட்டைத் தொடுவதற்கும் முன்னால் டயரைப் பார்த்திருக்க வேண்டும்.

ஈரச்சாலை:

அகலமாகப் போடுங்கள் என்று மேலே எழுதியதோடு ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்: மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். நான் மட்கார்டைக் கழற்றாமல் 35 மி.மீ. டயருக்குப் பதில் 42 மி.மீ. போட்டேன். சுற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை, திருப்தி. சரளைப் பாதையில் ஒரு கூழாங்கல் டயரோடு ஏறிப் போய் மட்கார்டுக்குள் சிக்கியது. முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அந்த இடைவெளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தீக்குச்சி கனம் இருந்திருக்கும். முன் மட்கார்டின் தாங்கு கம்பிகளுக்கு, ஏதாவது சிக்கினால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி கிடைக்கிறது. நண்பரே, உங்கள் எண்கள் எல்லாம் சரிதான். ஆனால் படிப்பவர்கள் இன்றே போய் அகல டயர் வாங்குவார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இடதுகால்:

அகலப் பெடல் வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்து இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) வைத்து வலப்பக்கமாகத் திருகினேன். ஒரு சுற்றுக்கு மேல் கையால் போகவில்லை. புதுசு, இறுக்கம் இருக்கும் என்று நீள ஸ்பேனரைப் போட்டேன். போனது. நன்றாக இறுகவும் செய்தது.

இரண்டாம் நாள் சிக்னலில் பச்சை விழுந்து மிதித்ததும் இடது கால் பெடலோடு சேர்ந்து கழன்று வந்தது. பின்னால் வந்த கார் சமயத்தில் நின்றது. ஓரமாகத் தள்ளி வந்து பார்த்தபோது கிராங்கின் ஓட்டைக்குள்ளிருந்து அலுமினியச் சுருள் ஒன்று தொங்கியது. பென்சில் சீவியது போல மெல்லிசு, வெள்ளி மாதிரிப் பளபளப்பு. மரை முழுவதும் அந்தச் சுருளில்தான் இருந்தது.

இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அச்சின் நுனியில் எல், ஆர் என்று பொறித்தும் இருக்கிறது. நான் எல் பெடலை வலது பக்கத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டு, ஆர் பெடலை இடதில் ஏற்றியிருந்தேன். கிராங்க் மென்மையான அலுமினியம், பெடல் அச்சு இரும்பு. சண்டை வந்தால் கிராங்க்தான் தோற்கும். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரைக்கூடு ஒன்றைப் பதித்துக் கொடுத்தார்கள், இன்றுவரை ஓடுகிறது. அந்தச் சுருளை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

சாயங்காலச் சவாரி:

இடதுகால், இப்போதுதான் போய் என் பெடலைப் பார்த்தேன். எல் இடதில்தான் இருக்கிறது.

இருவர் சவாரி:

எல்லோரும் வேகத்தையும் பிரேக்கையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது வண்டி நின்றுகொண்டிருக்கும்போது நடந்தது.

மகளுக்காகப் பின்னால் குழந்தை இருக்கை வைத்தேன். பெல்ட், கால் வைக்கும் இடம், சக்கரத்துக்குள் கால் போகாமல் தடுப்பு, எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங். பத்து வருடமாக அதில்தான் உட்காருகிறேன், அதனால் அது என் கண்ணிலேயே படவில்லை.

அவளை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அலறியிருந்தால் உடனே எழுந்திருப்பேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழக்கூட வராமல் இருந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அவளுடைய ஆள்காட்டி விரல் ஸ்பிரிங்கின் சுற்றுக்குள்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் மட்டும் கறுத்து விழுந்தது. அன்று மாலையே ஸ்பிரிங் இல்லாத சீட் மாற்றினேன். ஸ்பிரிங்கை மூடும் உறையும் கிடைக்கிறது, ஆனால் எனக்கு அந்த ஸ்பிரிங்கையே பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போதும் ஏறுவதற்கு முன்னால் கையைக் காட்டு என்பேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள், அதற்குப் பிறகுதான் உட்காருவேன்.