பினாங்கு பர்மா ரோடும் போர்க்கால பர்மா ரோடும்: ஏதாவது தொடர்பு உண்டா?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். தமிழ்ப்பள்ளி வரலாற்றுப் புதிர்ப் போட்டிக்குக் கேள்விகள் தொகுக்கிறேன். ஜார்ஜ்டவுன் பர்மா ரோட்டுக்கு, சீனாவுக்கு ஆயுதம் போன பர்மா ரோட்டின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். சரியா? பர்மா ரோடும் லெடோ ரோடும் ஒன்றா? மலையில் பாம்பு மாதிரி வளைந்து லோரிகள் ஏறும் அந்தப் பிரபலமான படத்தைக் கேள்வித்தாளில் போடலாமா?

பழைய_வரைபடம்:
முதல் கேள்விக்கு, இல்லை. நம் சாலையின் பெயர் புலாவ் தீக்குஸ் பக்கம் இருந்த பர்மியர் குடியிருப்பால் வந்தது. அங்குள்ள தம்மிகாராமா பர்மியக் கோயில் 1803இல் தொடங்கியது. போர்க்காலச் சாலை திறந்ததோ 1938இல்.

இரண்டும் ஒரே சாலையும் இல்லை. பர்மா ரோடு வடக்கு பர்மாவின் லாஷியோவிலிருந்து தென்மேற்குச் சீனாவின் குன்மிங் வரை, 1,154 கி.மீ. சீனக் கடற்கரை ஜப்பானியர் கையில் போனதால், சரக்கு ரங்கூனில் இறங்கி, ரயிலில் லாஷியோ வந்து, அங்கிருந்து லோரியில் மலை ஏறியது. 1940 ஜூலையில் ஜப்பானின் நெருக்குதலுக்குப் பணிந்து, பர்மாவை ஆண்ட பிரிட்டன் மூன்று மாதம் அதை மூடியது. மழைக்காலம், எப்படியும் போக்குவரத்து குறைவுதான். விட்டுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, இழப்பும் பெரிதில்லை.

1942 ஏப்ரல் இறுதியில் லாஷியோ விழுந்தது. ஒரு வாரத்துக்குள், மே 5இல், சல்வீன் ஆற்றின் ஹுய்தோங் பாலத்தைச் சீனர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு சரக்கு அஸ்ஸாமிலிருந்து இமயமலைக்கு மேலே விமானத்தில்தான் போனது.

அந்த அடைப்புக்கு மாற்றாக வெட்டியது லெடோ ரோடு. 1942 டிசம்பரில் அஸ்ஸாமின் லெடோவில் தொடங்கி, 1,136 மீட்டர் உயரப் பாங்சாவ் கணவாயைக் கடந்து, மிச்சீனா வழியாக மோங் யூவில் பழைய பர்மா ரோட்டோடு சேர்ந்தது. லெடோவிலிருந்து குன்மிங் வரை மொத்தம் சுமார் 1,736 கி.மீ. முதல் அணி 113 வண்டிகளுடன் 1945 ஜனவரி 12இல் கிளம்பி பிப்ரவரி 4இல் குன்மிங் சேர்ந்தது. அந்தக் கட்டத்தில் சீனத் தலைவர் சியாங் கை ஷேக் அதற்கு, அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் பெயரால், ஸ்டில்வெல் சாலை என்று பெயர் சூட்டினார்.

கியர்பாக்ஸ்:
தூரத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சாலைகள் பட்ட பாடு புரியாது. மலையில் பாதை வெட்டுவது பாதி வேலை. அதை மழையிலிருந்து காப்பது மீதி. பர்மா ரோட்டில் சுமார் 2 லட்சம் பேர், பெண்களும் சிறுவர்களும் உட்பட, கையால் கல் உடைத்துக் கூடையில் சுமந்தார்கள். பரப்பிய கல்லை அமுக்க, செதுக்கிய கல்லுருளையை ஆட்களே இழுத்தார்கள். இறக்கத்தில் உருளை கைமீறினால் முன்னால் நிற்பவர் கதி அதோகதி.

சாய்வில் வெட்டிய பாதையில் மலைப்பக்கம் வடிகாலும், அடியில் நீர் போகக் குழாயும் போதாவிட்டால், தண்ணீர் பாதை மேலேயே ஓடிப் பள்ளப்பக்க விளிம்பை அரிக்கும். நேற்று போன லோரி இன்று போக முடியாது. லெடோ ரோட்டில் புல்டோசர் இருந்தும் 1943 மழையில் வேலை ஏறக்குறைய நின்றே போனது. மழை விட்ட பிறகுதான் வேகம் பிடித்து டிசம்பர் 27இல் பர்மாவுக்குள் ஷிங்புயாங் என்ற ஊர் சேர்ந்தார்கள். லெடோவிலிருந்து அது வெறும் 166 கி.மீ.

அடுத்தது எண்ணெய்க் கணக்கு. இரண்டரை டன் லோரி லிட்டருக்கு 3 கி.மீ. ஓடும் என்று வையுங்கள். லாஷியோ–குன்மிங் போய்வர சுமார் 770 லிட்டர் பெட்ரோல், எடை 570 கிலோ. திரும்பும் எண்ணெயையும் ஏற்றிப் போனால் சுமையில் கால்பங்கு அதற்கே போய்விடும். சின்ன கியரில் ஊர்ந்தால் இன்னும் கூடும். லெடோ ரோட்டை ஒட்டி எண்ணெய்க் குழாய் பதித்ததன் காரணம் இதுதான். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில்தான் இறங்க வேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும்.

ஆகவே ஓட்டுநரைவிட மெக்கானிக்தான் அரிது. 1939இல் சிங்கப்பூர் சீனத் தொழிலதிபர் தான் கா கீயின் அழைப்பில் மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து 3,200 பேர் அளவில் சீன ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பர்மா ரோட்டுக்குப் போனார்கள். ஆயர் ஈத்தாம் நினைவுத்தூண் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பினாங்குத் தொடர்பு வேண்டுமானால் அதைக் கேளுங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
மிக்க நன்றி. அவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் இருந்ததா? நம்மவர்கள் செத்தது இந்தச் சாலையில்தானா?

பழைய_வரைபடம்:
பலன் குறைவு என்பதே என் கருத்து. 1945 ஜூலையில் விமானத்தில் போனது 71,000 டன். லெடோ ரோட்டில் போனது 6,000 டன் அளவே. போன லோரிகளில் சுமார் 26,000 திரும்பவில்லை, சீனாவிடமே ஒப்படைத்தார்கள். சரக்கைவிட வண்டிகளைக் கொண்டு சேர்த்ததே பெரிய உதவி எனலாம்.

நம் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டது இங்கல்ல, சயாம் மரண ரயில்பாதையில். சயாமின் பான் போங் முதல் பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கி.மீ.; ஜப்பானியர் 1942–43இல் தங்கள் படைக்குப் போட்டது. எதிரெதிர் தரப்புகளின் பாதைகள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. 24 வளைவு தெரியும் அந்தப் படம் பர்மா ரோடும் இல்லை, லெடோ ரோடும் இல்லை. அந்தப் பாதை குன்மிங்குக்குக் கிழக்கே குய்சோ மாநிலத்தின் சிங்லோங்கில் இருக்கிறது. சரக்கு குன்மிங்கைத் தாண்டி உள்ளே போன வழி அது. போடுவதானால் கீழே அந்த ஊர்ப் பெயரை எழுதிவிடுங்கள்.